சோர்வு, தலைவலி, நெஞ்செரிச்சல்: முதலில் யாரிடம் போவது?

மருந்துக்கடையில் நிற்பவனுக்குத் தினமும் காதில் விழுகிற மூன்று புகார்கள் இவை. பெரிய நோய் என்றால் மக்கள் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுகிறார்கள். அசதி, தலைவலி, வயிற்றெரிச்சல் போன்ற தீராத சில்லறைத் தொல்லைகளுக்குத்தான் கடைக்கு வருகிறார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு நகரும்போது பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதற்கெல்லாம் மூலகாரணம் என்ன, யாரிடம் போனால் தெரியும்?

முன்பு இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். தெருவுக்கு ஒரு குடும்ப டாக்டர் இருந்தார். இன்று வழிகள் பெருகிவிட்டன: அந்தந்த உறுப்புக்கு ஒரு ஸ்பெஷலிஸ்ட், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் முழு உடல் பரிசோதனை, சித்த மருத்துவம், இயற்கை மருத்துவம், 'நோயின் வேரையே கண்டுபிடிக்கிறோம்' என்னும் இணையவழி ஆலோசனை. உடம்பை முழுமையாகப் பார்ப்பதாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். நான் மருத்துவன் அல்ல. ஆனால் இவர்கள் எல்லோருடைய சீட்டுகளும் என் மேசைக்கு வருகின்றன. அந்த இடத்திலிருந்து பார்த்து இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். கடையில் அடிக்கடி காண்பதுதான்; ஆள் மாறுவார், கதை மாறாது. நாற்பதைத் தாண்டிய பெண்மணி. தையல் கடையிலோ துணிக்கடையிலோ நாளெல்லாம் வேலை. ஒரு வருடமாக உடம்பில் அசதி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாலையானால் தலைவலி, அதற்கு ஒரு வலி மாத்திரை. அது வயிற்றை எரிக்கிறது என்று காலையில் வெறும் வயிற்றில் ஒரு பேண்டாப்ரசோல். மாதவிலக்கு ஏழெட்டு நாள் நீள்கிறது. இந்த வயதில் அப்படித்தான் என்று யாரோ சொன்னதால் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. சாப்பிட்ட கையோடு ஒரு டீ.

இதைத் தனித்தனிப் புகார்களாகப் பார்த்தால் மூன்று. சேர்த்துப் பார்த்தால் ஒரே முடிச்சு. அதிக உதிரப்போக்கு உடலின் இரும்புச்சத்தைக் கரைக்கிறது. ரத்தசோகை வந்தால் அசதியும் மூச்சிரைப்பும் வரும், தலைவலியும் வரலாம். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சவ்வைப் புண்ணாக்குகின்றன. சிலருக்கு வெளியே தெரியாமல் ரத்தம் கசிகிறது. காய்கறி, கீரை, தானியங்களில் உள்ள இரும்பு உடலில் சேர இரைப்பை அமிலம் வேண்டும். எரிச்சலுக்குப் போடும் மாத்திரை அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. மிச்சமிருப்பதை டீயில் உள்ள டானின் தடுக்கிறது. இது போதாதென்று, சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ எனச் சில மாதம் தொடர்ந்து போட்டால் அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகிவிடலாம். நரம்பியல் மருத்துவர்கள் நன்கு அறிந்த தனி வகைத் தலைவலி அது.

எந்த வழியாகப் போனால் இந்த முடிச்சு கண்ணில் படும் என்பதே என் அளவுகோல்.

நேராக ஸ்பெஷலிஸ்டிடம் போவது

தலைவலிக்கு நரம்பியல் மருத்துவர், எரிச்சலுக்கு இரைப்பை குடல் மருத்துவர், மாதவிலக்குக்கு மகப்பேறு மருத்துவர் என்று அந்தப் பெண்மணி போனால், ஒவ்வொருவரும் தம் துறைக்குள் சரியான சீட்டையே எழுதுவார். தவறு யார் பக்கமும் இல்லை. ஆனால் மூன்று சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் மருந்துக்கடைக்காரனைத் தவிர யாரும் இல்லை. மூன்று கட்டணம், மூன்று நாள் கூலி இழப்பு. 'இன்ன சந்தேகத்துக்காக அனுப்புகிறேன்' என்று ஒரு பொது மருத்துவர் குறித்துக் கொடுத்த சீட்டோடு போகும்போதுதான் ஸ்பெஷலிஸ்டின் திறமை முழுதாகப் பயன்படுகிறது. எந்த உறுப்பில் கோளாறு என்றே தெரியாதவர், உறுப்பைத் தாமே ஊகித்துக்கொண்டு டோக்கன் வாங்குவது வீண்.

முழு உடல் பரிசோதனை

இந்த வழிக்கு ஆதரவாளர்கள் அதிகம். 60 பரிசோதனை, 80 பரிசோதனை என்று எண்ணிக்கையைக் காட்டி விற்கிறார்கள். தனித்தனியாகச் செய்வதைவிட மலிவாகவும் இருக்கிறது. மறுநாள் வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக அறிக்கை வருகிறது. எல்லை தாண்டிய எண்கள் தடித்த எழுத்தில் இருக்கும். அந்தத் தடித்த எழுத்துகளைக் காட்டி 'இதற்கு என்ன மாத்திரை?' என்று கேட்டுத்தான் கடைக்கு வருகிறார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். ஆய்வகங்களின் இயல்பு எல்லை பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினர் அதற்குள் அடங்கும்படி வகுக்கப்படுகிறது. அப்படியானால் எந்த நோயும் இல்லாதவர்களிலும் 100க்கு 5 பேர் வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் செய்தால், நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் 100 பேரில் சுமார் 64 பேருக்கு ஏதோ ஒன்றாவது தடித்த எழுத்தில் வந்து நிற்கும். பரிசோதனையைக் கூட்டக் கூட்ட நோய் கூடுவதில்லை. பயம் கூடுகிறது, அதைத் துரத்திக்கொண்டு அடுத்த பரிசோதனை வருகிறது. பொது உடல் பரிசோதனைகளைப் பற்றி 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 15 ஆய்வுகளில் இரண்டரை லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. இப்படிப்பட்ட பரிசோதனையால் இறப்பு விகிதம் குறைந்ததாகத் தெரியவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. நம் தையல்காரப் பெண்மணியின் அறிக்கையில் ஹீமோகுளோபின் 9.8 என்று தடித்த எழுத்தில் வரும். அதே கனத்தில் வைட்டமின் டி குறைவு என்றும், யூரிக் அமிலம் சற்றுக் கூடுதல் என்றும் வரும். எது முக்கியம், எது பொருட்படுத்த வேண்டாதது என்று அந்தக் காகிதம் சொல்லாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், மலிவான திட்டங்கள் பலவற்றில் கிடையாது. மாதவிலக்கு எத்தனை நாள், வலி மாத்திரை எத்தனை என்று ரத்தம் எடுக்க வந்த பையன் கேட்க மாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

ரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை முப்பது வயதுக்கு மேல் அவ்வப்போது பார்த்துக்கொள்வது வேறு விஷயம், அது அவசியம். தமிழ்நாட்டில் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள்.

ஒரு பொது மருத்துவர்

என் ஓட்டு இவருக்குத்தான், ஒரு நிபந்தனையோடு.

காரணத்தைக் கண்டுபிடிப்பதில் கதை கேட்பதற்கு இருக்கும் பலத்தை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். 1975இல் இங்கிலாந்தில் ஹாம்ப்டனும் அவருடைய குழுவினரும் 80 புதிய புறநோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 66 பேருக்கு, அவர்களின் வரலாற்றைக் கேட்டதிலிருந்தே இறுதியில் உறுதியான நோய் பிடிபட்டுவிட்டது. தொட்டுப் பார்ப்பதும் பரிசோதனைக் கூடமும் எஞ்சியவர்களுக்குத்தான் தேவைப்பட்டன. உடல், மனம், வாழும் சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1977இல் வாதாடிய ஜார்ஜ் எங்கலும் அமெரிக்காவைச் சேர்ந்த ஓர் அலோபதி மருத்துவரே. முழுமையான பார்வை மாற்று மருத்துவத்துக்கு மட்டும் சொந்தம் என்று பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

நம் பெண்மணி நல்ல பொது மருத்துவர் ஒருவர் முன் உட்கார்ந்தால் என்ன நடக்கும்? அவர் முதலில் கீழிமையை இழுத்துப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார். பிறகு கேட்பார்: "விலக்கு எத்தனை நாள் அம்மா? கட்டி கட்டியாகப் போகிறதா? ராத்திரியில் எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? வலி மாத்திரை வாரத்துக்கு எத்தனை? மலம் கறுப்பாகப் போனதுண்டா? அரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லும் பழக்கம் இருக்கிறதா? தூக்கம் எப்படி? வீட்டில் ஏதும் கவலையா?" ஐந்து நிமிடக் கேள்விகள். அரிசி மெல்வது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம் என்பது கேட்டால்தான் வெளிவரும். யாரும் அதைப் புகாராகச் சொல்ல மாட்டார்கள். பிறகு அவர் எழுதும் பரிசோதனை நாலைந்துதான்: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச்., சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர், சுத்த சைவர், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை விடாமல் போடுபவர் என்றால் வைட்டமின் பி12. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் அவரிடம் இருக்கும்.

ரத்தசோகையை அவர் முதலில் சந்தேகிப்பது ஜோசியம் அல்ல. கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 சதவீதத்தினர் ரத்தசோகை உள்ளவர்கள். அசதி என்று வரும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு இது இருக்கக்கூடிய ஊரில், 80 பரிசோதனைத் திட்டத்திலிருந்து தொடங்குவது என்ன நியாயம்?

அதே அசதியோடு ஆண் ஒருவர் வந்தால் கேள்விகள் வேறு. குறட்டை விடுகிறாரா, தூக்கத்தில் மூச்சு நின்று திணறுகிறாரா என்று மனைவியிடம் கேட்க வேண்டும். கழுத்துப் பருமனும் ரத்த அழுத்தமும் உள்ளவர், எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் தூங்கி வழிந்தால் எந்த ரத்தப் பரிசோதனையிலும் அந்தக் காரணம் சிக்காது. ஆணுக்கோ மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் சத்து டானிக்கோடு விடக்கூடாது. குடலில் எங்கே ரத்தம் கசிகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். முன்பு பிடித்த எதிலும் இப்போது மனம் செல்லவில்லை என்கிறவருக்கு அசதியின் பெயர் மனச்சோர்வாக இருக்கலாம். அதைக் கேட்டறிய ஒன்பது கேள்விகள் கொண்ட எளிய படிவமே இருக்கிறது.

இப்போது நிபந்தனை. இந்தியாவில் ஒரு நோயாளியோடு மருத்துவர் செலவிடும் நேரம் சராசரியாகச் சுமார் இரண்டு நிமிடம் என்று 2017இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஸ்வீடனில் அது 22 நிமிடத்துக்கு மேல். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மேற்சொன்ன கேள்விகள் எல்லாம் வராது. ஆகவே கதையை நாமே தயாரித்துக்கொண்டு போக வேண்டும். ஒரு பழைய நோட்டு போதும். இரண்டு வாரம், தினமும் நாலு வரி: எத்தனை மணிக்குப் படுத்தேன், எழுந்தேன், தலைவலி எப்போது தொடங்கியது, முன்னே என்ன நடந்தது, என்ன மாத்திரை, எத்தனை, டீ, காபி எப்போது. விலக்கு நாட்களைத் தனியே குறிக்கவும். கடைசிப் பக்கத்தில் எல்லா மாத்திரைகளின் பெயரும் வேண்டும். கடையில் நாமாகக் கேட்டு வாங்கியது, நாட்டுமருந்துக் கடைச் சூரணம், ஜிம்மில் கொடுத்த பவுடர் உட்பட. காலி அட்டைகளைப் பையில் போட்டு எடுத்துப்போனால் இன்னும் நல்லது. அந்த நோட்டைப் பார்த்த மருத்துவருக்கு இரண்டு நிமிடத்திலேயே பத்து நிமிடத்தின் விஷயம் கிடைத்துவிடும். பல சமயம் நோட்டு எழுதுகிறவருக்கே பாதி விஷயம் பிடிபட்டுவிடுகிறது. வலி மாத்திரையை எண்ணிப் பார்த்துத் திடுக்கிடாதவர் குறைவு.

சித்தமும் இயற்கை மருத்துவமும்

இவற்றைக் கிண்டல் செய்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை, இவை மட்டுமே வேரைத் தொடும் என்பவர்களோடும் உடன்பாடில்லை.

சித்த மருத்துவரிடம் கிடைக்கும் முதல் நன்மை நேரம். நாடி, தொடு உணர்வு, நாக்கு, நிறம், குரல், கண், மலம், சிறுநீர் என்று எட்டு வகையாகப் பார்ப்பது அந்த முறையின் அடிப்படை. பசி, மலச்சிக்கல், தூக்கம், சாப்பாட்டு நேரம் எல்லாம் பேச்சில் வந்தே தீரும். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதே என்பதைப் பத்தியம் என்ற பெயரில் சொன்னால் நம்மவர்கள் கேட்கவும் செய்கிறார்கள். ஐந்தரை ஆண்டு படித்த அரசு சித்த மருத்துவர்கள் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கிறார்கள். சென்னையில் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனையும், தெற்கே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் உண்டு. செலவு மிகக் குறைவு.

ஆனால் நாடியில் ஹீமோகுளோபின் எண் தெரியாது. நல்ல சித்த மருத்துவர்கள் இதை அறிந்தவர்கள். ரத்தப் பரிசோதனைக்கு அவர்களே எழுதித் தருகிறார்கள். பிரச்சினை அறிக்கையைப் பார்க்காமலே காரணம் சொல்லும் வைத்தியர்களிடமும், யூடியூபைப் பார்த்துத் தானே வாங்கிச் சாப்பிடுபவர்களிடமும்தான். 'நாட்டு மருந்துதானே, ஒன்றும் செய்யாது' என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குக் கவலை வருகிறது. ஏதேனும் செய்யும் என்பதால்தானே அது மருந்து? அமுக்கரா (அஸ்வகந்தா) தைராய்டு அளவைக் கூட்டலாம், அரிதாகக் கல்லீரலைப் பாதிக்கலாம். கோவிட் காலத்தில் சீந்தில் கஷாயம் விடாமல் குடித்துக் கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். உலோகங்களையும் தாதுக்களையும் புடமிட்டுச் செய்யும் செந்தூர, பற்ப வகைகளை எங்கே தயாரித்தது என்று தெரியாமல் வாங்கவே கூடாது. சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர் இயற்கை மருத்துவ முகாமில் உண்ணாவிரதம் இருப்பதானால் தம் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து இருக்கிறது.

ஆகவே இதை இரண்டாவது படியாக வைக்கிறேன். எண் தெரிந்த பிறகு, ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு, தூக்கம், மலச்சிக்கல், கழுத்து இறுக்கத்தால் வரும் தலைவலி, உணவு ஒழுங்கு ஆகியவற்றுக்கு யோகாவும் இயற்கை மருத்துவமும் தருகிற பலனை மாத்திரை தருவதில்லை. இரண்டு பக்கமும் இரண்டு பக்கத்துச் சீட்டையும் காட்டிவிட வேண்டும்.

இணையத்தில் விற்கும் 'வேர்'

இதற்கு நிறைய இடம் ஒதுக்க மனமில்லை. சோதனையை விற்பவரும் அதற்கான சத்துப் பொடியை விற்பவரும் ஒரே ஆள் என்றால் காரணம் என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். உணவு ஒவ்வாமைக்கு, ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்புரதத்தை அளக்கும் பரிசோதனை என்று நூற்றுக்கணக்கான உணவுகளின் பட்டியல் தருகிறார்கள். அந்த எதிர்ப்புரதம் நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம் மட்டுமே. ஒவ்வாமை மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்புகள் இதைப் பரிந்துரைப்பதில்லை. 'அட்ரினல் களைப்பு' என்ற பெயரை நாளமில்லாச் சுரப்பி மருத்துவம் நோயாகவே ஏற்கவில்லை.

முதல் நாளே கிடைக்கும் பதில்

எந்த வழியில் போனாலும், முதல் சந்திப்பிலேயே சந்தேகமே இல்லாமல் மூலகாரணத்தை அறிவிப்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. இரைப்பைப் புண்ணுக்குக் காரணம் காரமும் கவலையும்தான் என்று பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் பலரும் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் அதற்குப் பின்னால் ஒரு கிருமி இருப்பதைக் கண்டார்கள். யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். நோபல் பரிசு 2005இல் வந்தது. ஹெலிகோபாக்டர் என்ற அந்தக் கிருமி இரும்புச்சத்துக் குறைவுக்கும் ஒரு காரணம் என்பதால், நம் பெண்மணியின் எரிச்சல் வலி மாத்திரையை நிறுத்தியும் தீராவிட்டால் அதையும் பார்க்க வேண்டிவரும்.

மறுபக்கமும் உண்டு. 1989இல் அமெரிக்காவில் குரோங்கியும் மாங்கல்ஸ்டார்ஃபும் 1,000 நோயாளிகளிடம் நெஞ்சுவலி, அசதி, தலைவலி, தலைசுற்றல் போன்ற 14 பொதுவான புகார்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். உடல்ரீதியான காரணம் பிடிபட்டது 16 சதவீதத்தில்தான். மற்றவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய தொல்லைக்கு ஒற்றை வேர் இல்லை, அல்லது அது தானாகவே விலகிப் போகும் வகை. 'ஆபத்தானது எதுவும் இல்லை, ஒரு மாதம் பார்ப்போம்' என்று சொல்லும் மருத்துவரை ஒன்றும் தெரியாதவர் என்று தள்ளிவிட்டு வேறு ஆளைத் தேடாதீர்கள். காத்திருப்பதும் வைத்தியத்தில் சேர்ந்ததே.

வரிசையும் விதிவிலக்கும்

அப்படியானால் வரிசை இப்படி: இரண்டு வார நோட்டு, பொது மருத்துவர், அவர் காரணம் சொல்லி எழுதும் நாலைந்து பரிசோதனை, தேவைப்பட்டால் ஒரே ஒரு ஸ்பெஷலிஸ்ட், கூடவே சித்தமோ இயற்கை மருத்துவமோ. முழு உடல் பரிசோதனைக்கான பணத்தை எடுத்து வைத்து ஃபெரிட்டினுக்கும் இரண்டாவது சந்திப்புக்கும் செலவழியுங்கள். அந்த இரண்டாவது சந்திப்பைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இரும்பு மாத்திரை தொடங்கி நாலு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ ஒரு புள்ளியாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் மாத்திரை போடவில்லை, உடலில் சேரவில்லை, அல்லது போவது வருவதைவிட அதிகம். ஏறினாலும், கருப்பையில் நார்த்திசுக் கட்டி இருக்கிறதா, தைராய்டா, ஏன் இவ்வளவு உதிரப்போக்கு என்ற கேள்வி பாக்கி நிற்கிறது. ரத்தசோகை என்று எழுதியதோடு வேரைப் பிடித்தாகிவிட்டது என்று நினைத்தால் ஆறு மாதத்தில் மறுபடி அதே அசதி. எண் இயல்பானதும் மாத்திரையை நிறுத்திவிடாமல், சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது தொடர வேண்டியிருக்கும்.

இந்த வரிசை பொருந்தாத சில நிலைகள் உண்டு. காரணமின்றி எடை குறைவது, கறுத்த மலம் (இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதைப் போடாதவருக்கு என்றால் ஆபத்து), விழுங்கச் சிரமம், விடாத காய்ச்சல், ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தலைவலி ஆகியவற்றுக்கு நோட்டு எழுதிக்கொண்டிருக்காமல் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று இடிபோல் தாக்கும் தலைவலி, கை கால் மரத்துப்போவது, ரத்த வாந்தி என்றால் அந்த நிமிடமே 108ஐ அழைக்க வேண்டும். நெஞ்செரிச்சல் வியர்வையோடும் மூச்சுத் திணறலோடும் வந்தாலும் அப்படியே. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு வெறும் 'கேஸ்' போலவே வேடம் போட்டு வருவதுண்டு. எனக்குச் சோடா மட்டும் கொடுங்கள் என்று இரவில் கடைக்கு வருபவர்களை நான் ஆம்புலன்ஸுக்குத்தான் அனுப்புகிறேன்.

குடும்ப டாக்டர் என்று யாரும் இல்லாதவர்கள் அரசு மருத்துவமனைப் பொது மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்குப் போகலாம். காலையில் சீக்கிரம் போக வேண்டும். முதல் முறை பார்த்த மருத்துவர் எந்தெந்தக் கிழமை உட்காருவார் என்று சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டு, நோட்டின் அட்டையிலேயே எழுதிக்கொண்டு, அடுத்த முறையும் அவரிடமே போங்கள்.